ஏத்து அப்புனு, நல்லா ஏத்து!

வா அப்புனு, இப்பிடித் திண்ணையில உக்காரு. கம்ப்யூட்டரு மறுபடியும் நீலமாப் போயிருச்சாமே? உங்கப்பத்தா சொன்னா. “பேரன் பொட்டிக்கு வேகம் வெக்கறானாம், பொட்டி படுத்துக்கிச்சாம்”னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கறா. நான் சிரிக்கலை. எனக்கெதுக்குப் பொல்லாப்பு? சிப்பு பொறந்தபடிக்கே 5.1 கிகாஹெர்ட்ஸ் ஓடுது. அது உனக்குப் பத்தலை. பத்துமா? வெளையாட்டுல எதிராளி சுடற குண்டு 5.1ல வருதுன்னா நீ 5.4ல குனிய வேண்டாமா? நாயந்தான் சாமி.

ஆக, ஏத்து. வோல்டேஜைத் தாராளமா ஊத்து. நம்ம காட்டுக்குக் கவர்மென்ட்டு 1990ல இருந்து சும்மாதான் கரண்ட்டு குடுக்குது. ஊட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட்டு இனாம். சிப்பு கருகுனா உங்கொப்பன் இருக்கறான். ரிக்கு வண்டியோட எந்த வடநாட்டுலயோ கல்லுப்பொடியத் தின்னுக்கிட்டு போர் போட்டுட்டு இருப்பான். ஒரு போன் அடிச்சாப் போதும், கையத் தொடைச்சிட்டு ஜீபே பண்ணிருவான். அவனுக்கென்ன, இன்னும் நூறடி எறக்குனாச் சரியாப்போச்சு.

உன்ற பொட்டி எனக்குத் தெரியாதப்பா. மோட்டாரு தெரியும். ஆயுசுல பாதி காயில் கட்டியே போச்சு. வெய்யக்காலத்துல த்ரீ பேஸ் விட்ட ஒடனே மல்லசமுத்திரம் சுத்துவட்டாரத்துல எல்லாக் காட்டுலயும் ஒரே நேரத்துல சுவிச்சப் போடுவாங்க. 415 இருக்க வேண்டிய லைன் அப்பிடியே எறங்கும். எறங்குனா மோட்டாரு நிக்குமா? நிக்காது. தண்ணியத் தூக்கியே தீருவேன்னு வீம்பு புடிச்சு, கொறைஞ்ச வோல்டேஜுக்கு ஈடா ஆம்பியரக் கூட இழுக்கும். காயில் காயும், வார்னிஷ் வாசம் வரும், விடியக்காலம் வண்டியில தூக்கிப் போட்டு என்கிட்டக் கொண்டாருவாங்க. மோட்டாருக்கு எமன் லோ வோல்டேஜ்.

உன்ற சிப்பு அதுக்கு நேர் எதிரு. வோல்டேஜ் பத்தலைன்னா அது கருகறதில்ல, கணக்கத் தப்பாப் போடும். வேகத்தக் கூட்டக் கூட்ட உள்ள இருக்கற ஒவ்வொரு சுவிச்சும் விழுந்து எந்திரிக்கக் கெடைக்கற நேரம் கொறையுது. வோல்டேஜ் கூட இருந்தாச் சட்டுனு விழும், கொறைஞ்சா லேட்டாகும். ஒண்ணு வரவேண்டிய எடத்துல சைபர் வரும். அது விண்டோஸ் கண்ணுல பட்டா, ‘க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்’னு எழுதிப் போட்டுட்டு நீலமாயிரும். அவ்வளவுதான் சங்கதி. மறுபடி ஆன் பண்ணுனா எந்திரிச்சு உக்காந்துக்கும். எமன் வர்றது அக்கட்டால இருந்து, கூடுன வோல்டேஜ்ல. வந்தாலும் ராத்திரியோட ராத்திரியா வார்னிஷ் வாசத்தோட வரமாட்டான். மாசக்கணக்குல, சத்தமில்லாம வருவான். நீ என்னடான்னா மோட்டாருக்குப் பயப்படற பயத்தையே சிப்புக்கும் பயந்து, நீலம் வந்தா ஒடனே ‘பத்தலை, பத்தலை’ன்னு இன்னும் ஊத்தற.

அதுலயும் ஒரு ஸ்டெபிலைசர் வேற வாங்கி வச்சிருக்கற பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்ப அடக்க முடியலை. ட்ரிபிள் ஈ படிக்கற பையன். ஊட்டுக்கு வர்ற 230 எறங்கி 190 ஆனாலும் உன்ற எஸ்எம்பிஎஸ் அதச் சமாளிச்சு 12 வோல்ட்டாத்தான் தரும். அந்த 12ஐ 1.2 ஆக்கறது போர்டுல, சாக்கெட்டச் சுத்தி அலுமினியக் கட்டி ஒட்டியிருக்கானே, அதுக்கடியில இருக்கற விஆர்எம். ஈபி ஆபீசுக்கும் உன்ற நீலத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. பாவம், லைன்மேனத் திட்டாத.

இன்னொரு கணக்குப் போடு. நம்ம அஞ்சு எச்பி மோட்டாரு 415 வோல்ட்டுல எவ்வளவு இழுக்கும்? ஏழரை, எட்டு ஆம்பியரு. உன்ற சிப்பு 1.2 வோல்ட்டுல 150 வாட் தின்னுச்சுன்னா? வகுத்துப் பாரு. 125 ஆம்பியரு! கட்டைவெரல் நகத்தளவு சிலிக்கானுக்குள்ள, கெணத்துத் தண்ணிய மேல தூக்கற மோட்டார் பதினஞ்சுக்கு ஆகற ஆம்பியரு. இத மொதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தப்ப எனக்கே ஒரு மரியாதை வந்துருச்சு அது மேல.

இப்ப நீ குடுக்கற தாராளத்துக்கு வருவோம். சூடு எப்பிடி ஏறுது தெரியுமா? வேகம் ஒரு பங்கு கூடுனா சூடும் ஒரு பங்கு. ஆனா வோல்டேஜ் கூடுனா, அத அதாலயே பெருக்குன அளவுக்கு. நீ 1.2ல இருந்து 1.35க்குப் போன. காலணா வித்தியாசம்னு நெனைச்ச. 1.35ஐ 1.2ஆல வகுத்து, வந்தத அதாலயே பெருக்கு. 1.27 வரும். வேகம் 5.1ல இருந்து 5.4. அதயும் சேத்துப் பெருக்குனா 1.34. அதாவது ஆறு சதவீத வேகத்துக்கு மூணுல ஒரு பங்கு சூடு கூட. இந்த வட்டிக்கு எந்த சீட்டுக் கம்பெனிக்காரனும் கேக்கமாட்டான். கேட்டா ஊருக்குள்ள வுடமாட்டாங்க.

அப்பறம் அந்த ஆறு சதவீதம் வெளையாட்டுல வருதான்னு பாத்தியா? படம் நல்லாத் தெரியட்டும்னு எல்லா செட்டிங்கையும் மேல ஏத்தி வச்சிருக்கற. அப்ப வேலை பூரா கிராபிக்ஸ் கார்டு தலையில. சிப்பு வேலையில்லாம அது வாயப் பாத்துக்கிட்டு நிக்குது. நிக்கறவனுக்கு எதுக்குச் சாட்டையடி?

“யூடியூப்ல ஒருத்தன் 5.5ல ஓட்டறான், 75 டிகிரி தாண்டலை”ங்கற. ஓட்டுவான் கண்ணு. அவன் உக்காந்திருக்கற ரூம்ல ஏசி, இல்லாட்டி வெளிய பனி பெய்யுது. காத்தாடி எவ்வளவு பெருசு மாட்டுனாலும், தண்ணி சுத்தற கூலர் மாட்டுனாலும், ரூம் காத்தோட சூட்டுக்குக் கீழ அது எறக்காது. அவனுக்கு 22 டிகிரி, நம்ம அட்டாலிக்குக் கீழ சித்திரை மாசம் மத்தியானம் 38. வித்தியாசம் 16. அவன் 75ன்னா உனக்கு 91. மார்கழியில டெஸ்ட் பண்ணி ‘ஸ்டேபிள்’னு போஸ்ட் போட்டவன் அக்னி நட்சத்திரத்துல வந்து அழறான். 100 டிகிரியத் தொட்டா சிப்பு தானா வேகத்தக் கொறைச்சுக்கும். பயாஸ்ல நீ 5.4ன்னு எழுதி வச்சுட்டுப் பெருமையா இருப்ப, அது உள்ள 4.8ல நடந்துக்கிட்டு இருக்கும். செலவு பண்ணி வேகத்தக் கொறைச்ச மொத ஆளு நீதான்.

முன்னாடிக் காலத்துல ஓவர்க்ளாக் பண்ணுனவனுக்கு நாயம் இருந்துச்சு. 1998ல இன்டெல் செலரான் 300ஏன்னு ஒண்ணு விட்டான். 300 மெகாஹெர்ட்ஸ். போர்டுல பஸ் வேகத்த 66ல இருந்து 100 ஆக்குனா, நெறைய சிப்பு மறுபேச்சில்லாம 450ல ஓடுச்சு. பாதிக்குப் பாதி லாபம்! அப்பக் கம்பெனிக்காரன் மிச்சம் வச்சு வித்தான். இன்னைக்கு டர்போன்னு பேரு வச்சு அவனே கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்துட்டுத்தான் டப்பால போடறான். மடியில மிச்சமில்ல, நீ போயி உக்காந்து இழுத்துக்கிட்டு இருக்கற.

இல்ல, ரெக்கார்டு போடணும்னா அதுக்கும் வழி இருக்குது. 2011ல ஏஎம்டி எப்எக்ஸ் சிப்பு ஒண்ண 8.429 கிகாஹெர்ட்ஸ் ஓட்டி கின்னஸ்ல போட்டாங்க. திரவ ஹீலியம் ஊத்துனாங்க. திருச்செங்கோட்டுல கல்யாண மண்டபத்துக்குப் பலூன் ஊதறவன்கிட்டக் கேட்டுப் பாரு, கடனுக்குக் கெடைச்சாலும் கெடைக்கும்.

கெழவன் பயங்காட்டறான்னு நெனைக்காத. உன்ற சிப்பு ஐ5 13600கே தான? 2024ல இதே 13ஆவது, 14ஆவது தலைமுறை இன்டெல் சிப்புக எதுக்கெடுத்தாலும் நின்னு போச்சு. ஓவர்க்ளாக்கே பண்ணாத ஆளுக ஊட்டுலயும் நின்னுச்சு. பல மாசம் அவன் மேல இவன், இவன் மேல அவன் பழியப் போட்டுட்டு, கடைசியில இன்டெல்லே ஒத்துக்கிச்சு: சிப்பே தேவைக்கு மேல வோல்டேஜ் கேட்டிருக்குது, அந்த வோல்டேஜும் சூடும் சேந்து உள்ள இருக்கற க்ளாக் சர்க்யூட்டக் கெழடாக்கிருச்சு. ஆகஸ்ட்டுல 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்கக் கூடாதுன்னு ஒரு மைக்ரோகோடு விட்டாங்க. செப்டம்பர்ல இன்னொண்ணு. அது எதுக்குன்னா, சும்மா உக்காந்திருக்கறப்பவும் கூட சிப்பு நெறைய வோல்டேஜ் கேட்டுச்சாம். வாரண்டிய ரெண்டு வருசம் நீட்டுனாங்க, உன்ற 13600கேயும் அந்த லிஸ்டுல உண்டு. ஆனா ஏற்கனவே கெழடானத மைக்ரோகோடு எளசாக்காதுன்னும் சொல்லிட்டாங்க. அதுக்கு மொத வருசம் ஏஎம்டிக்காரனுக்கும் இதே கதை. ராமுக்கு எக்ஸ்போ போட்டவங்க ஊட்டுல போர்டு எஸ்ஓசி வோல்டேஜ ஏத்திவிட்டு, 7000 வரிசை எக்ஸ்3டி சிப்புக சாக்கெட்டுலயே கருகுச்சு. 1.3க்கு மேல போகக்கூடாதுன்னு பூட்டுப் போட்டாங்க.

எனக்கெப்பிடி இதெல்லாம் தெரியும்ங்கற? நீ நீலத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்த ராத்திரியெல்லாம் நானும் சும்மா தூங்கலை சாமி. எனக்கும் போன் இருக்குது, உங்கொப்பன் போட்ட டேட்டா இருக்குது.

பயாஸப் புதுசாக்குனியா? இல்லை. தெரியும். மொதல்ல அதப் பண்ணு. அப்பறம் வோல்டேஜுக்கு நேரா ‘ஆட்டோ’ன்னு இருக்கறத எடு. நீ வேகத்தக் கூட்டி வச்சா, போர்டுக்காரன் ‘வாடிக்கையாளர் கோவிச்சுக்கக் கூடாது’ன்னு ஆட்டோவுல அள்ளி வச்சிருப்பான். நின்னாத்தான அவனுக்குக் கெட்ட பேரு, கெழடானா உனக்குத்தான செலவு! அதே போலத்தான் லோட்லைன்னு ஒரு வரி இருக்குது பாரு. பாரம் ஏறுனா வோல்டேஜ் கொஞ்சம் எறங்கும், எறங்கணும்னுதான் வச்சிருக்கறான். நீ அத உச்சத்துல வச்சிருக்கற, எறங்கவே கூடாதுன்னு. பாரம் சட்டுனு விட்டவொடனே வோல்டேஜ் ஒரு நொடிக்கும் கம்மியா மேல துள்ளும். அது உன்ற ஸ்கிரீன்ல தெரியாது. சிப்புக்குத் தெரியும். நடுவாந்தரத்துல வை.

எழுதுன நம்பர நம்பாத. எச்டபிள்யூஇன்ஃபோவத் தொறந்து வச்சுக்கிட்டு சினிபெஞ்ச அரை மணி நேரம் ஓட்டு, வீகோர் வரியில நெசமா என்ன வருதுன்னு பாரு. அதுல ‘வீயா எரர்’னு ஒரு வரி இருக்கும், அது சைபராவே இருக்கணும். நீலம் வராம இருந்தும் அது ஏறுச்சுன்னா, சிப்பு முணுமுணுக்க ஆரம்பிச்சுருச்சுன்னு அர்த்தம். வேகத்துக்கு நேரா இருக்கற 51ஐ 52 ஆக்கு. நின்னா 0.01 ஏத்து. மறுபடி நின்னா இன்னொரு 0.01. நீ பண்ற மாதிரி 0.1 இல்ல! டெஸ்ட்ட மத்தியானம் ரெண்டு மணிக்கு, சன்னல் தொறந்து, காத்தாடி மட்டும் போட்டுக்கிட்டுப் பண்ணு. 90 டிகிரி தொட்டா அங்கயே நிறுத்து. அதுக்கு முன்னாடியே வோல்டேஜ் 1.35 வந்துட்டாலும் நிறுத்து. இது என்ற கணக்கு, இன்டெல்லோடது இல்ல. அவன் கணக்குல நீ கை வச்சாலே வாரண்டி செல்லாமப் போகலாம்.

பயாஸே தொறக்காமப் போச்சுன்னா அலறாத. பவர் வயரப் புடுங்கி, பட்டன் பேட்டரியக் கழட்டி, சித்த நேரம் கழிச்சு மாட்டு. மறந்து போயி பொறந்தபடிக்கு வந்துரும்.

இல்லாட்டி நான் சொல்றத ஒண்ணு செஞ்சு பாரு. 5.1லயே விட்டுட்டு, ஆப்செட்டுல 0.05 கொறைச்சு வை. 1.2 இருந்த எடத்துல 1.15. வேகம் அதே வேகம். கணக்குப்படி எட்டு சதவீதம் சூடு கம்மி. காத்தாடி சத்தமும் கொறையும். 13600கே பெரும்பாலும் இதுக்குச் சம்மதிக்கும். சம்மதிக்கலைன்னா நீலமாத்தான் ஆகும், கருகாது. இத உன்ற சிநேகிதப் பசங்ககிட்டச் சொன்னா மதிக்கமாட்டாங்க, ‘5.4’ங்கற நம்பர்தான் அவங்களுக்கு வேணும். சொல்லாத. அவங்ககிட்ட 5.4ன்னே சொல்லிக்க. எந்தப் பய வந்து அளந்து பாக்கப் போறான்?

போ, சோறு உண்டுட்டு உக்காரு. அந்த ஸ்டெபிலைசர மட்டும் கழட்டிக் கொண்டாந்து உங்கப்பத்தா பிரிட்ஜுக்கு மாட்டிட்டுப் போ. அதுக்குள்ள ஓடறது மோட்டாரு.