அம்பாசடர் அஜீரண விசாரணை

ஆலத்தியூரில் ஒரு பழைய அம்பாசடர் காலை வேளையில் கிளம்ப மறுத்து, செல்ஃப் மோட்டார் மட்டும் ஈனஸ்வரத்தில் முனகிக்கொண்டிருக்குமானால், அதைச் சூழ்ந்து நிற்போர் அனைவரும் 'பெட்ரோல் வரவில்லை' என்று ஒருமுகமாகத் தீர்ப்பளித்து, சோக்கை இன்னும் கொஞ்சம் இழுக்கும்படி உபதேசிப்பது உலக வழக்கு. இவ்வழக்குக்குப் பிரமாணம் உண்டா என்று விசாரிப்பதே இக்கட்டுரையின் பிரயோஜனம். இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவதால் வாசகருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

விசாரணைக்குரிய பொருள், உத்தரபாராவில் 1950-களின் பிற்பகுதி முதல் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர்களுள், 1,489 சி.சி. பெட்ரோல் இன்ஜினும் எஸ்.யு. கார்புரேட்டரும் வாய்ந்தவை மட்டுமே. டீசல் அம்பாசடருக்குச் சோக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. ஆகவே அதன் விஷயத்தில் வாதத்துக்கும் இடமில்லை.

பெட்ரோல் இன்ஜினின் ஆகாரம் எடையளவில் பெட்ரோல் 1 பங்குக்குக் காற்று ஏறத்தாழ 14.7 பங்கு என்பது நியதி. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் முழுவதும் ஆவியாவதில்லை என்பதால், அப்போதைக்கு மட்டும் அதன் பங்கைக் கூட்டிக் கொடுக்க ஏற்பட்டதே சோக். எஸ்.யு.வில் அது ஜெட்டைக் கீழே இறக்கி, ஊசிக்கும் துவாரத்துக்கும் இடையிலுள்ள வழியை அகலமாக்குகிறது. இறங்கிய ஜெட் அழுக்கினால் பிடித்துக்கொண்டு மேலே திரும்பாவிட்டாலும், மிதவை வால்வில் ஒரு துரும்பு சிக்கிக் கிண்ணம் நிரம்பி வழிந்தாலும், இன்ஜினுக்கு அஜீரணம் கண்டுவிடுகிறது. அஜீரணக்காரனுக்கு மேலும் ஒரு கவளம் ஊட்டுவதே நம்மவர் வைத்தியம்.

சைவ சித்தாந்திகள் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளைப் பிரதானமாகக் கொள்வர். மூன்றும் இங்கே பொருந்தும். கறுப்புப் புகை, பெட்ரோல் நெடி, கழற்றிப் பார்த்தால் காய்ந்த கரி அப்பிய பிளக் ஆகியவை காட்சி. (நீலப்புகை ஆயில் எரிவதன் அடையாளமாதலால் அது வேறு அத்தியாயம்.) ஓடுகிற இன்ஜினில் கார்புரேட்டர் பிஸ்டனை 1/32 அங்குலம் அளவுக்கு மெல்ல உயர்த்தும்போது, வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் பெட்ரோல் மிகுதி என்றும், இன்ஜின் அணைந்துபோனால் குறைவு என்றும், கணநேரம் சற்றே கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சமம் என்றும் அறிவது கருதல். உரை என்பது மெக்கானிக்கின் வாக்கு. அது பெரும்பாலும் 'கார்புரேட்டரை மாத்தணும் சார்' என்ற ஒரே சூத்திரமாக அமைவதால், முன்னிரண்டு அளவைகளோடு முரண்படுமிடத்தில் அதைத் தள்ளிவிடலாம்.

பூர்வபட்சிகளுள் பிரபலமானவர் மிதிவாதிகள். சாவியைத் திருகுமுன் ஆக்ஸிலரேட்டரைப் பலமுறை மிதித்தாலன்றி வண்டி இரங்காது என்பது அவர்கள் கொள்கை. எஸ்.யு. கார்புரேட்டரில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்ற உறுப்பே கிடையாதாகையால், அம்மிதிகள் யாவும் முழங்காலுக்குத் தேகாப்பியாசமாக முடிகின்றன. தள்ளுவாதிகளைப் பற்றி விஸ்தரிக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது சித்தாந்தமன்று, நான்கு பேர்.

ஆலத்தியூரின் விசேஷம் இனிமேல்தான். கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் மாறாமல் நிற்க, ஏர் கிளீனர் அடைத்துக்கொண்டால் தொண்டையில் மட்டும் அழுத்தம் தாழ்ந்து, அந்த வித்தியாசம் வளர வளர ஜெட்டிலிருந்து பெட்ரோல் அளவுக்கு மிஞ்சி ஏறுகிறது. சுண்ணாம்புக்கல் பூமியின் வெண்புழுதி பழைய மாதிரி ஏர் கிளீனரின் எண்ணெய்க் கிண்ணத்தில் விழுந்து குழைந்து சாந்தாகிறது. பழியை 1997 முதல் இங்கு இயங்கும் சிமெண்ட் ஆலையின்மேல் சுமத்துவது சரித்திர ஞானமின்மை. கல்லங்குறிச்சி முதலிய இடங்களின் சுண்ணாம்புக்கல், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்த காலத்துச் சிப்பிகளின் ஓடுகள் செறிந்தது என்பது புவியியலார் கண்டது. ஆகவே மூலக் குற்றவாளி சிப்பி. பெட்ரோலும் பெரும்பாலும் ஆதிகாலக் கடலின் நுண்ணுயிர்களிலிருந்து பிறந்ததேயாகையால், கடல் வற்றிய ஊரில் இரு கடல்வாசிகளும் அம்பாசடரின் தொண்டையில் சந்தித்து நம் பயணத்தை நிறுத்திவைக்கிறார்கள் என்பது என் சித்தாந்தம். மறுப்போர் ஏர் கிளீனரைத் திறந்துவிட்டு மறுக்கவும்.

சித்திரை வெயிலில் ஓடிவந்த வண்டியை நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினால் அது கிளம்ப மறுப்பதும் இதே ரோகத்தின் உஷ்ண பேதம். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் புகைபோக்கும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் அமைந்திருப்பதால், நின்றபின் ஏறும் சூட்டில் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்து தேங்குகிறது. அந்நிலையில் சோக்கைத் தொடுவது மகா அபராதம்.

ஆதலின், பெட்ரோல் நெடி வீசும் வண்டியைக் கிளப்ப விரும்புவோர் சோக்கை முற்றிலும் உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை ஒரே அழுத்தாகத் தரைவரை அழுத்திப் பிடித்தபடி செல்ஃபைச் சில விநாடிகள் சுழற்றுக. காற்று புகுந்து தேங்கியதை வெளியேற்றும். அப்போதும் கிளம்பாவிட்டால் நான்கு பிளக்குகளையும் கழற்றித் துடைத்து உலர்த்துக. மெக்கானிக்குகளுக்கு ஒரு விண்ணப்பம்: ஏர் கிளீனரைக் கழுவி, எண்ணெய் மாற்றி, ஜெட் முழுவதும் மேலே திரும்புகிறதா என்று பார்த்த பிறகே கார்புரேட்டரை மாற்றுவது பற்றி வாய் திறக்கவும்.