விழாப் பந்தலில் கணினி நிறுவனம்: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வரையறை

வாடகை மாடியில் பத்துப் பதினைந்து பேருடன் இயங்கும் ஒரு மென்பொருள் நிறுவனம், ஊர்த் திருவிழாவிலோ புத்தகக் காட்சியிலோ உழவர் கண்காட்சியிலோ ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் சகிதம் அமர்ந்து, தான் என்ன தொழில் செய்கிறது என்பதை ஊருக்கு விளக்க முயல்வது மக்கள் தொடர்பு எனப்படும். அங்கே அமர்ந்திருப்பவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதை ஊர் கண்டறிய முயல்வதும் இதில் அடங்கும். இரண்டாவது முயற்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். முதலாவது பல ஆண்டுகள் நீடிக்கும்.

2. வரலாறு

தஞ்சை வட்டாரத்தில் இத்துறையின் மூலச் சான்று 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயில். கோயிலுக்கு யார் என்ன கொடுத்தார், அதன் எடை எவ்வளவு என்பதை இராசராசன் கல்லில் வெட்டுவித்தான். பல கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) தெருவின் எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. தரவுத்தளம் என்று இன்று சொல்லப்படும் பொருளுக்கு வேண்டிய இலக்கணம் எல்லாம் இதற்கு உண்டு. பராமரிப்புக் கட்டணம் மட்டும் இல்லை.

இம்மரபின் இடைக்கால வடிவம், கோயில் டியூப்லைட்டின் மீது வெளிச்சம் வெளியே வராதபடி எழுதப்படும் ‘உபயம்’. தற்கால வடிவம், மேடைக்குப் பின்னால் கட்டப்படும் ஸ்பான்சர் பேனர். இதில் பெயரும் லோகோவும் உண்டு. கொடுத்த பொருளின் எடை இல்லை. ஆயிரம் ஆண்டுகளில் ஏற்பட்ட தொழில்நுட்ப மாற்றம் இதுவே.

கணினி சார்ந்த வரலாறு குறுகியது. 2004 அக்டோபரில் இஸ்ரோவும் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் செயற்கைக்கோள் இணைப்புடன் தொடங்கிய முதல் கிராம வள மையங்களுள் ஒன்று திருவையாற்றில் அமைந்தது. 2007 வாக்கில் சென்னை ஐஐடியின் துணையோடு வளர்ந்த கிராமப்புற பிபிஓ நிறுவனமான தேசிக்ரூ, திருவாரூர் மாவட்டம் கொள்ளுமாங்குடியில் கணினி வேலைக்கான மையம் நடத்தியது. 2024 செப்டம்பரில் தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியில் மினி டைடல் பூங்கா திறக்கப்பட்டது.

இந்த வரிசையில் ஆய்வாளர் தவறவிடக் கூடாத சான்று, சற்று வடக்கே புதுச்சேரியின் வீராம்பட்டினத்தில் இருக்கிறது. அங்கே சுவாமிநாதன் நிறுவனத்தின் அறிவு மையம் கடல் அலையின் உயரம் பற்றிய தகவலை இணையத்தில் எடுத்து, குழாய் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தது. 2004 சுனாமியன்று கரையிலிருந்தவர்களை எச்சரித்ததும் அந்த ஒலிபெருக்கிதான். ஆகவே, மக்களைச் சென்றடைந்த தகவல் தொழில்நுட்பக் கருவிகளில் மைக் செட்டுக்கு முதலிடம் தரப்பட வேண்டும்.

3. காலம்

டெல்டாவில் எந்த நிகழ்ச்சியையும் நிர்ணயிப்பது நாட்காட்டி அல்ல, நெல். மேட்டூரில் நீர் இருந்தால் ஜூன் 12-இல் அணை திறக்கும். குறுவை நடவு நடக்கும்போது ஸ்டாலுக்கு வர ஊரில் ஆளில்லை. ஐப்பசியில் பெரிய கோயிலில் சதய விழா. கூட்டம் உண்டு, கூடவே வடகிழக்குப் பருவமழையும் உண்டு. நனைந்த ஃப்ளெக்ஸை மடித்து எடுத்துச் செல்வது இப்பருவத்தின் தலையாய பணி.

மார்கழிக் கடைசியிலோ தையிலோ திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் சேர்ந்து பாடும்போது பில்லிங் சாஃப்ட்வேர் பற்றிப் பேசத் துணிந்த நிறுவனம் இதுவரை அறியப்படவில்லை. அதே வாரங்களில் சம்பா அறுவடை தொடங்குகிறது. விவசாயி கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குக் காவல் இருக்கிறார். பணம் கைக்கு வருவது மாசி, பங்குனியில். சித்திரையில், நெடுங்கால இடைவெளிக்குப் பின் 2015-இல் மீண்டும் ஓடத் தொடங்கிய பெரிய கோயில் தேர் வீதியில் வரும். அந்த வெயிலில் மோர் கொடுக்கும் நிறுவனத்துக்கே கூட்டம். மோர் கொடுத்தது எந்த நிறுவனம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

4. வருவோர் வகை

ஸ்டாலுக்கு வருவோரை அவர்கள் கேட்கும் கேள்வியால் ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாமவர் பை கேட்போர். ‘கட்டப்பை இருக்கா தம்பி?’ என்பதோடு உரையாடல் முடியும். பேனாவோ காலண்டரோ நீட்டினால் வாங்கிக்கொள்வார்கள். பையை மறக்க மாட்டார்கள்.

இரண்டாமவர் பழுது கேட்போர். ‘போன் ஹேங்காவுது, என்னன்னு பாருங்க’ என்று மேசைமேல் வைப்பார்கள். இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றையும் இவர்கள் கணினித்துறையில் சேர்ப்பார்கள். ‘ஜெராக்ஸ் எடுப்பீங்களா?’ என்பது இதன் உட்பிரிவு.

மூன்றாமவர் வேலை கேட்போர். பையனை அழைத்து வந்து எதிரே நிறுத்திவிட்டு, அவன் சார்பில் தந்தையே பேசுவார். பையன் பேனரில் உள்ள எழுத்துப்பிழையைப் பார்த்துக்கொண்டிருப்பான். இவனையே வேலைக்கு எடுப்பது நன்று.

நான்காமவர் ஈரப்பதம் கேட்போர். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை வரும் ஆண்டுகளில் இதைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கோருவது வழக்கம். ‘ஏஐங்கிறீங்களே, அத வச்சி ஈரத்தக் கொறைக்க முடியுமா?’ என்ற கேள்விக்குத் தொழில்நுட்ப உலகில் விடை இல்லை. ஆனால் ஸ்டாலில் கேட்கப்படுபவற்றுள் பயனர் தேவையை மிகத் துல்லியமாகச் சொல்லும் கேள்வி இதுதான்.

ஐந்தாமவர் உறவு கேட்போர். ‘எந்த ஊரு? யாரு மவன்?’ என்று தொடங்கி, மூன்றாவது கேள்வியில் பொதுவான ஓர் அத்தையைக் கண்டுபிடிப்பார்கள். இதன்பின் விலையில் தள்ளுபடி தவிர்க்க முடியாதது.

5. அளவீடு

நிறுவனங்கள் வெற்றியை அளப்பது குலுக்கல் பரிசுக்காக நோட்டில் எழுதி வாங்கிய கைபேசி எண்களைக் கொண்டு. இதன் குறை வெளிப்படை: மறுநாள் அழைத்தால், பரிசு விழுந்ததா என்று மட்டுமே எதிர்முனை கேட்கும்.

இதைவிடச் செம்மையான அளவுகோல் இதே மண்ணில் உண்டு. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், 2018-இல் மறைந்த நெல் ஜெயராமன் வளர்த்தெடுத்த நெல் திருவிழாவில், மரபு நெல் விதை 2 கிலோ வாங்கும் விவசாயி அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். திரும்பி வந்தது கணக்கு; கொடுத்தது கணக்கில்லை.

இந்த முறையை ஸ்டாலுக்குப் பொருத்தினால் முடிவுகள் தெளிவாகின்றன. கட்டப்பை திரும்பி வருவதில்லை. மோர் திரும்பி வருவதில்லை. பேனரில் போட்ட பெயர் அடுத்த விழாவில் கூடுதல் நன்கொடைக்கான ரசீதாக மட்டும் திரும்பும். ஆனால் மளிகைக் கடைக்காரர் ஒருவரின் போனைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தால், அவர் கடையின் பில்லிங் வேலையோடு, பக்கத்து அரிசி ஆலைக்காரரையும் கூட்டிக்கொண்டு வர வாய்ப்புண்டு.

6. முடிவு

மேற்கண்டவற்றால் பெறப்படுவது: நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்வதைக் கேட்க எந்த ஊரும் விழாவுக்கு வருவதில்லை; தன் குறையைச் சொல்லவே வருகிறது. ஆகவே ஸ்டாலில் பேசத் தெரிந்தவரை உட்கார வைப்பது வீண். கேட்டதை எழுதிக்கொள்பவர் ஒருவரும் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவரும் இருந்தால் போதும். செலவைக் குறைக்க விரும்பும் நிறுவனங்கள் பேனரைக் கைவிடலாம். கட்டப்பையைக் கைவிடுவது உசிதமன்று.