வளருற பெடியனுக்கு ஒரு துவக்கு

லண்டனில் கோலியர்ஸ் வுட் நிலையத்திலிருந்து டூட்டிங் பக்கமாக நடந்தால், வழியில் ஏதாவதொரு தமிழ்க் கடையின் மரக்கறித் தட்டருகே இந்த மாமா நிற்பார். பெயர் கேட்கத் தேவையில்லை; இவர் ஒரு ஆள் என்பதைவிட ஒரு இனம். கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்துக்கொண்டே ஊருக்கு ஆலோசனை சொல்வார். அத்தனை ஆலோசனைக்கும் வேர் ஒன்றுதான்: "வளருற பெடியன்." மருமகனுக்குப் பள்ளிக்கூட பிளேசர் எடுக்கப் போனால், கை விரல் நுனி மறைந்தால்தான் அவருக்குத் திருப்தி. பையன் ஐந்து வருடம் அந்தக் கைக்குள் ஒளிந்திருந்து, அளவு சரியாகிற வருடத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துவிடுவான். இப்படியொரு மாமாவின் மருமகன், பதினாறு வயதில், பள்ளிக் கடெற் படையில் .22 ரைபிள் சுட்டுப் பழகி, அடுத்தது மான் வேட்டை என்று வாயைத் திறந்தால் என்ன நடக்கும்? தாய் "ஏன்?" என்று கேட்கும் முன்பே மாமா "எது?" என்பதற்குப் பதில் சொல்லி முடித்திருப்பார்: "த்ரீ ஹண்ட்ரட் வின்மாக் எடு தம்பி. சின்னதை வாங்கிப்போட்டுப் பிறகு மாத்துறதே? ரெண்டு செலவு."

அன்பில் குறை சொல்ல முடியாது. கணக்கில்தான் பிழை. புதிதாகத் தொடங்கும் பையனுக்கு, சட்டம் இடம் கொடுக்கும் எல்லைக்குள், தோளை ஆகக் குறைவாக உதைக்கும் கேலிபரே சரி. இங்கிலாந்தில் அது பெரும்பாலும் .243 வின்செஸ்டர். 1955இல் வந்த பழைய ரவைதான், ஆனால் இந்த வேலைக்கு அதை நீக்க இன்னும் காரணம் பிறக்கவில்லை. மாமா இதை ஏற்கமாட்டார். அவர் துவக்கைப் பற்றி அறிந்ததெல்லாம் வன்னியில் கேட்டது. கரிமருந்து இடித்து நிரப்பிய நாட்டுத் துவக்கைச் சுட்டவர்கள், கன்றிப்போன தோளை மறுநாள் நாலு பேருக்குக் காட்டுவார்கள். உதை பெரிதென்றால் வெடி பெரிது, வெடி பெரிதென்றால் மரை விழுந்தது என்று அர்த்தம். மரை உண்மையிலேயே விழுந்ததா என்று கேட்பது மரியாதையில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம் இருக்கையில் அந்தக் கேள்வி புத்திசாலித்தனமும் இல்லை.

உதை போய்ச் சேருவது சுடுகிறவனிடம். மானுக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது. முன்னால் பாயும் குண்டுக்கும் மருந்து வாயுவுக்கும் எவ்வளவு உந்தமோ, அவ்வளவு பின்னால் திரும்பித் துவக்கின் எடைக்குள் இறங்குகிறது. வழக்கமான எடையுள்ள ரைபிளில் .243 ஏறத்தாழ 10 அடி-பவுண்டு உதைக்கும். .308 பதினேழு பதினெட்டு. மாமா சிபாரிசு செய்கிற .300 வின்செஸ்டர் மாக்னம் 25ஐத் தாண்டும். வளர்ந்தவன் இதைப் பல்லைக் கடித்துத் தாங்குவான். புதியவனின் உடம்பு தாங்குவதோடு நிற்காமல் ஞாபகமும் வைத்துக்கொள்ளும். பயிற்சியாளர்கள் இதைப் பிடிக்க ஒரு பழைய தந்திரம் வைத்திருக்கிறார்கள். பையனுக்குத் தெரியாமல் மருந்தில்லாத வெற்று ரவை ஒன்றை இடையில் செருகிவிடுவார்கள். அவன் விசையை அழுத்துகிறான்; "டிக்" என்ற சத்தம்தான் வருகிறது. வெடியே இல்லை, ஆனாலும் குழல்வாய் ஒரு அங்குலம் கீழே குத்துகிறது, கண் இறுக மூடிக்கொள்கிறது, தோள் முன்னால் பாய்கிறது. வராத உதைக்கு உடம்பு முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டது. அந்த அங்குலத்தில் ஒரு சிறு பங்கே நூறு மீட்டரில் மானின் நெஞ்சைத் தாண்டி வயிற்றிலோ காலிலோ போய் முடியும். சில நேரம் மானையே தொடாது. தோளில் ஒருமுறை குடியேறிய இந்தப் பயம் லேசில் வீட்டைக் காலி செய்யாது.

வரலாறும் மாமாவுக்குச் சாதகமாக இல்லை. அதுவும் பக்கத்து வீட்டு வரலாறு. கோலியர்ஸ் வுட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடக்கூடிய விம்பிள்டன் பொதுவெளியில்தான் 1860 ஜூலை 2இல் தேசிய ரைபிள் சங்கம் தன் முதல் போட்டியை நடத்தியது. தொடக்கி வைத்தவர் விக்டோரியா மகாராணி. தாங்கியில் பூட்டி வைத்த விட்வொர்த் ரைபிளின் விசையை ஒரு பட்டுக் கயிற்றால் இழுத்தார். 400 கஜத்துக்கு அப்பால் குண்டு நடுப்புள்ளியை ஒட்டி விழுந்தது. மகாராணியின் தோளுக்குச் சேதி கூடப் போகவில்லை. அந்த விட்வொர்த்தின் துளை .451 அங்குலம்; படை வைத்திருந்த என்ஃபீல்டினுடையது .577. மூன்று வருடம் முன்பு நடந்த பரிசோதனையில் சிறிய துளைதான் பெரியதைத் தோற்கடித்தது. பிறகு படையே 1888இல் .303க்கு இறங்கிற்று, இன்று சிப்பாய் தூக்குவது 5.56 மில்லிமீட்டர். சாம்ராச்சியம் முழுக்கச் சுட்டு முடித்தவர்கள் துளையைச் சிறிதாக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கூட்டச் சொல்லுகிறவர் மரக்கறிக் கடையில் நிற்கிறார்.

"மான் என்ன கோழியோ?" என்பார் மாமா. நியாயமான கேள்வி. ஆனால் தென் இங்கிலாந்தில் பையன் அநேகமாகச் சந்திக்கப்போவது ரோ மான், 10 முதல் 25 கிலோ; அல்லது அதைவிடச் சிறிய முண்ட்ஜாக். யானைகளை ஆயிரத்துக்கு மேல் வீழ்த்திய பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் பெரும்பாலும் கையாண்டது 7 மில்லிமீட்டர் ரைபிள்தான். ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926இல் ஜிம் கார்பெட் சுட்டதும் அதே அளவான .275 ரிக்பியால். அவர்கள் சூரர்கள், நம் பெடியன் யார் என்று மாமா மடக்கலாம். மடக்கட்டும். சூரருக்கே இடம் பார்த்து வைப்பதுதான் முக்கியம் என்றால், சூரனாகாதவனுக்கு அது இரட்டிப்பு முக்கியம். இடம் பார்த்து வைக்கப் பழக நூற்றுக்கணக்கில் சுட வேண்டும். தோள் நோகிற ரைபிளை எந்தப் பையனும் நூறு தடவை விரும்பி எடுக்கமாட்டான். மாமாவை அசைக்கக்கூடிய வாதம் வேறொன்று இருக்கிறது. மாக்னம் ரவை பட்ட சின்ன மானின் முன்னந்தொடை முழுவதும் இரத்தம் கட்டி நாராகிவிடும், கறிக்கு ஆகாது. இதைக் கேட்டதும் அவர் கத்தரிக்காயைக் கீழே வைப்பார்.

எதிர்முனையில் தாய். "ஆகச் சின்னனாய் ஒண்டு, அந்த .22வே போதாதே?" போதாது, அது குற்றம். 1991ஆம் ஆண்டின் மான் சட்டப்படி இங்கிலாந்தில் ரைபிள் .240 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, ஆற்றலும் 1,700 அடி-பவுண்டுக்குக் குறையக் கூடாது. முண்ட்ஜாக்குக்கும் சீன நீர்மானுக்கும் மட்டும் சற்றுச் சலுகை. .243 இந்தக் கோட்டை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கால் தாண்டி நிற்கிறது. அதற்குக் கீழே போவது இரக்கமும் ஆகாது, காயப்பட்ட மான் புதருக்குள் கிடந்து சாகும். .243க்கும் குறை உண்டு: நரி சுடும் இலேசான குண்டைப் போட்டுப் பெரிய செம்மான் கிடாயைச் சுட நினைத்தால் அவமானம்தான். 100 கிரெய்ன் குண்டு, அடக்கமான தூரம், இதுதான் அதன் நிபந்தனை. பையன் உயரமாய், ஸ்கொட்லாந்து மலைகளைக் கனவு காண்பவனாய் இருந்தால் 6.5 க்ரீட்மூர் எடுத்தாலும் சண்டையில்லை. உதை கொஞ்சம்தான் கூடும். இரண்டிலும் குழல்வாயில் ஒலியடக்கி பூட்டினால் காதும் பிழைக்கும், உதையும் தணியும்.

இரண்டு செலவு என்ற கவலைக்கும் வேலையில்லை. நரைத்த தலையோடு .243ஐ மட்டுமே வைத்துக்கொண்டு வருடாவருடம் மான் சுடுகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம். காசைக் கொட்ட வேண்டிய இடம் மரப்பிடி. பிளேசர் கை நீளமாக இருந்தால் மடித்து விடலாம். பிடி நீளமாக இருந்தால் பையன் தலையை நீட்டித் தொலைநோக்கியைத் தேடுவான், கன்னம் பதியாது, சின்ன உதையும் பெரிதாய்த் தெரியும். இப்போதோ தகடு செருகி நீட்டிக்கொள்ளும் பிடிகள் வருகின்றன. அந்த ஒரு சாமானில் மாமாவின் தத்துவம் நியாயமாகவே செல்லும். தவிர, பதினெட்டு வயதுக்குள் பையன் தானாக வாங்கவும் முடியாது. 14 வயதிலிருந்து அனுமதிப்பத்திரம் பெறலாம், ஆனால் பொலிசுக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும், கேலிபரும் பத்திரத்தில் ஏற வேண்டும். ரோ மானுக்கு எதற்கு இவ்வளவு பெரியது என்று அதிகாரி கேட்டால், "வளருற பெடியன்" என்ற பதிலை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஒரேயொரு விஷயத்தில் மாமா சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். துவக்கை இரும்புப் பெட்டியில் பூட்டி, பெட்டியைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பொலிஸ் வந்து பார்க்கும். மூன்று துவக்கு வைக்கிற பெட்டி போதுமென்று பையன் சொல்லுவான். ஏழு கொள்கிறதை எடு என்பார் மாமா. ஒலியடக்கியும் தொலைநோக்கியும் பூட்டிய ஒரு ரைபிள் இரண்டின் இடத்தை அடைக்கும். பட்டியலில் மூன்று என்று போட்ட பெட்டி நடைமுறையில் ஒன்றரைக்குத்தான் காணும். அளவுநாடா ஏற்கனவே அவர் சட்டைப் பையில் இருக்கிறது.