அம்மா போட்ட பந்தல்

எடிசன், நியூ ஜெர்சி
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் அத்தானும் நலம்தான் என்று நேற்றுகூட வீடியோவில் பார்த்துக்கொண்டேன். பிறகு கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள். அவளைப் பற்றிய புகாரை எழுதித்தான் அனுப்ப முடியும்.

"ஆறு மாசம் போய் ரெஸ்ட் எடுத்துட்டு வரட்டும்" என்று சொல்லி ஏப்ரலில் அவளை விமானம் ஏற்றிவிட்டாய். பேரன் பள்ளிக்கூடம் முடிப்பதைப் பார்க்க வருகிறாள் என்றுதான் நானும் விசாவுக்குக் கடிதம் கொடுத்தேன். வந்த மறுநாள் காலையில் காபி டம்ளரோடு பின்வாசலில் போய் நின்றாள்.

"ஏல, மாடு எங்க கெட்டியிருக்க?"

"மாடா? மாடெல்லாம் இல்லம்மா."

"அப்புறம் எதுக்குல இவ்வளவு புல்லு வளக்க?"

உரம் போட்டுப் புல்லை வளர்ப்போம், சனிக்கிழமை மெஷினை வைத்து வெட்டுவோம், வெட்டியதைப் பையில் கட்டித் தெருவில் வைப்போம், வெட்டாமல் விட்டால் டவுன்ஷிப்பிலிருந்து நோட்டீஸ் வரும் என்று விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "நீ இன்ஜினியருக்குத்தானே படிச்ச?" என்றாள். அடுத்த வாரம் பின்பக்கப் புல்லில் பாதி போய்விட்டது. மண்ணைக் கொத்திப் புரட்டியது யார் என்று நீ கேட்க மாட்டாய். இந்த ஊரில் தோட்ட வேலைக்கு ஆள் வைப்பதைவிட சாப்ட்வேர் ஆர்க்கிடெக்டை மம்பட்டியோடு இறக்கிவிடுவது மலிவு.

நமக்கு ஆடிப்பட்டம் என்றால் இங்கே அன்னையர் தினப் பட்டம். மே மாதம் இரண்டாவது ஞாயிறு வரை நாற்றை வெளியே நடக்கூடாது. ராத்திரி உறைபனி விழுந்தால் காலையில் எல்லாம் கருகிக் கிடக்கும். அதனால் ஜன்னலோரத் தட்டில் நாற்று விட்டு, நடுவதற்கு முன்னால் அவற்றுக்கு வெயிலும் காற்றும் பழக்க வேண்டும். காலையில் தட்டுகளை வெளியே தூக்கி வைத்து, கொஞ்சம் வெயில் காட்டி, சாயங்காலம் உள்ளே கொண்டு வரவேண்டும். நான் ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவே கத்தரி நாற்றைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து என் மனைவி, "நம்ம பிள்ளைங்களைக்கூட இப்படி நீங்க காத்தாட வெளிய தூக்கிட்டுப் போனதில்ல" என்றாள். பதில் சொல்ல நேரமில்லை, அடுத்த தட்டு காத்திருந்தது.

எரு விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு அமெரிக்கா மேல் மரியாதை வந்தது. இலையுதிர் காலத்தில் வாசலிலிருந்து வாரிப்போன இலையையெல்லாம் மக்க வைத்து, வசந்தத்தில் ஊராருக்கே கொடுக்கிறார்கள். அதை அள்ளி வரத்தான் சின்னவளின் முதல் கார் பயணங்கள். அவளுக்குப் பதினாறு முடிந்து பழகுநர் பர்மிட் வந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் 21 வயதுக்குக் கீழே உள்ள பர்மிட்காரர்கள் நம்பர் பிளேட் மூலையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று 2010இலிருந்து சட்டம். அம்மா அதைக் குனிந்து தொட்டுப் பார்த்து, "பரவாயில்லையே, திருஷ்டிக்கு கவர்மெண்டே பொட்டு வைக்குதே" என்றாள். ஒரு பொட்டு போதாது என்று மறுநாள் முன் பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. வண்டிக்குள் அம்மா பின்சீட்டில் கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வருவாள். ஸ்பீடாமீட்டரை நான் பார்ப்பதே இல்லை. கவசத்தின் வேகத்தை வைத்தே சின்னவள் எவ்வளவில் போகிறாள் என்று தெரிந்துவிடும். ஹைவேயில் ஏறினால் முருகனுக்கே மூச்சு வாங்கும்.

ஜூனில் பெரியவனின் பட்டமளிப்பு. இங்கே பள்ளிக்கூடம் முடிக்கும் பிள்ளையின் போட்டோவை அட்டையில் அச்சடித்து வீட்டு வாசலில் நட்டு வைக்கிற வழக்கம் உண்டு. காலையில் கதவைத் திறந்த அம்மா, சிரித்த முகமாய்ப் பேரனின் படம் நிற்பதைப் பார்த்து அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நம்மூரில் வாசலில் இந்த அளவுக்குப் படம் வைத்தால் ஒன்று சடங்கு, இல்லையென்றால் கண்ணீர் அஞ்சலி. பையனுக்குச் சடங்கு கிடையாதே! மாடியில் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பி நிறுத்திக் காட்டிய பிறகுதான் காபி குடித்தாள்.

விழா கால்பந்து மைதானத்தில், உச்சி வெயிலில். தொப்பியில் தொங்கும் குஞ்சத்தை வலதிலிருந்து இடதுக்கு மாற்றிக்கொண்டால் படிப்பு முடிந்தது என்று அர்த்தம். "இந்தக் குஞ்சத்தை இங்கேர்ந்து அங்க மாத்தவா பன்னிரண்டு வருசம்?" என்றாள். தொப்பிகளை எல்லோரும் வானத்தில் வீசியபோது, "காசு குடுத்து வாங்கினதுதானே அது, எடுத்து வைக்கச் சொல்லு" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். ஆனாலும் அவன் பெயர் ஒலிபெருக்கியில் வந்ததும் மைதானமே திரும்பிப் பார்க்கக் குலவை போட்டாள். சின்னவள் நாற்காலிக்கு அடியில் போய்விட்டாள். எனக்குக் கண் கலங்கியது. வெயில் என்று சொல்லிவிட்டேன்.

அவனுக்கு ரட்கர்ஸில் இடம் கிடைத்ததற்காக நான் அதே பெயருள்ள தக்காளியை நட்டேன். கேம்பல் சூப் கம்பெனியின் ஜே.டி.டி. என்ற ரகத்தையும் மார்குளோப் என்ற ரகத்தையும் கலந்து, வருஷக்கணக்காகப் பொறுக்கியெடுத்து, 1934இல் அந்தப் பல்கலைக்கழகத்தில் வெளியிட்ட தக்காளி அது. இதைப் பெருமையாக அம்மாவிடம் சொன்னேன். ரசம் வைத்துப் பார்த்துவிட்டு, "சதை இருக்கு, புளிப்பு பத்தாது. படிச்சவங்க செஞ்சது" என்று முடித்துவிட்டாள்.

அடுத்தது எதிரிகள். கிரவுண்ட்ஹாக் என்று ஒன்று இருக்கிறது, கீரிக்கும் பெருச்சாளிக்கும் நடுவே, நல்ல கொழுத்த உடம்பு. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 1887இலிருந்து பிப்ரவரி 2ஆம் தேதி இதை வெளியே எடுத்து, குளிர் இன்னும் எத்தனை நாள் என்று குறி கேட்கிறார்கள். கோட்டும் தொப்பியும் போட்ட பெரிய மனிதர்கள்தான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது குறி எதுவும் சொல்லவில்லை. தட்டைப்பயறு முழுவதையும் தின்றுவிட்டு, பந்தலடியில் நின்று அம்மாவைப் பார்த்தது. கம்பிவலையை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து வேலி போட்டோம். ஜோசியர் இப்போது வேலிக்கு வெளியே.

வெண்டை இலையைச் சல்லடையாக்கியது ஜப்பான் வண்டு. அமெரிக்காவில் அது முதன்முதலாகக் கண்ணில் பட்டது 1916இல், இதே நியூ ஜெர்சியில். வெளியூரிலிருந்து வந்து இங்கே செழித்தவர்கள் வரிசையில் நமக்கு முன்னால் இவ்வளவு பேர் நிற்கிறார்கள்!

எல்லாவற்றுக்கும் மேலே லேண்டர்ன்ஃப்ளை. ஆசியாவிலிருந்து வந்த பூச்சி. 2014இல் பென்சில்வேனியாவில் கண்டுபிடித்தார்கள், 2018இல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. திராட்சைக்கும் மரங்களுக்கும் கேடு என்பதால், கண்ட இடத்தில் மிதித்துக் கொல்லுங்கள் என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. அம்மா அதைக் கேட்டுக் கொதித்துப்போனாள். எறும்பு தின்னட்டும் என்று பச்சரிசி மாவில் கோலம் போடுகிறவளிடம் போய் மிதி என்றால்? சின்னவள் வாசலில் ஒன்றை மிதித்ததற்கு, "ஏட்டி, அது உன்ன என்ன செஞ்சுது?" என்று அரைமணி நேரம் உபதேசம். ஆகஸ்டில் ஒருநாள் புடலைப் பந்தல் காலில் ஒன்று வந்து உட்கார்ந்தது. சாம்பல் இறக்கையில் கறுப்புப் புள்ளி, விரித்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. அம்மா கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். அது தத்திப் பிஞ்சின் மேல் உட்கார்ந்தது. "போயிரு" என்று ஒருமுறை சொன்னாள், தமிழில்தான். அது போகவில்லை. அம்மா வலது கால் செருப்பைக் கழற்றினாள். அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுக்குச் செருப்பு வேட்டை. மாவுக்கோலமும் நடக்கிறது.

பக்கத்து வீட்டில் இத்தாலிய வம்சாவளித் தாத்தா ஒருவர் இருக்கிறார். இத்தனை வருஷத்தில் நானும் அவரும் பேசிக்கொண்டது பனி அள்ளுவதைப் பற்றி மட்டும்தான். ஜூலையில் அவர் கைநீளத்துக்குப் பச்சையாய் ஒரு காயை வேலிக்கு மேலே நீட்டினார். குக்குஸா என்றார். அம்மா நகத்தால் தோலைக் கீறி, மோந்து பார்த்து, "சுரைக்கால்லா இது!" என்றாள். அதேதான், சிசிலிக்காரர்கள் கொண்டு வந்த நீளச் சுரைக்காய். காயை மட்டுமல்ல, கொடியின் கொழுந்தையும் கிள்ளிப் பாஸ்தாவில் போடுவார்களாம். அம்மா அன்றே கொழுந்தைக் கிள்ளிப் பருப்பில் போட்டாள், ஒரு கிண்ணம் அவருக்கும் போனது. அப்புறம் தினமும் வேலியோரம் மாநாடு. அவர் சத்தமாக இங்கிலீஷில் பேசுவார், அம்மா அதைவிடச் சத்தமாக அம்பாசமுத்திரத் தமிழில் பேசுவாள். நான் மொழிபெயர்க்கப் போனால் இரண்டு பேருமே கையைக் காட்டி விரட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் முட்டுவலியைப் பற்றி என்று நினைக்கிறேன். அவர் வீட்டு அத்திமரத்தைக் குளிர்காலத்தில் போர்வை சுற்றி, கயிறு கட்டி, உச்சியில் வாளியைக் கவிழ்த்து வைப்பார். அந்தப் போட்டோவைப் பார்த்து அம்மா, "இந்த ஆளு யாரு, காவலுக்கா நிக்கான்?" என்று கேட்டாள்.

இதற்கிடையில் எங்கள் இருபதாவது கல்யாண நாள் தக்காளி பழுத்த வாரத்தில் வந்தது. தொக்குக் கிண்டிக் கொண்டாடினோம். பெரியவனைப் போன வாரம் ஹாஸ்டலில் விட்டோம். அம்பையிலிருந்து வீரவநல்லூர் தூரம்தான், ஆனாலும் அம்மா அவன் பெட்டியில் கருவேப்பிலைப் பொடி, வத்தல், இரண்டு புடலங்காய் வைத்தாள். ஹாஸ்டல் அறையில் புடலங்காயை என்ன செய்கிறான் என்று தெரியவில்லை.

அவரைதான் மீதி. ஜூனில் நட்டது, பந்தலை மூடி, கேரேஜ் கூரையேறிவிட்டது. பூ இல்லை. கொடி அவரை ராத்திரி நீண்டால்தான் பூக்கும். இங்கே ஜூனில் பதினைந்து மணி நேரம் பகல், அது எப்படிப் பூக்கும்? செப்டம்பரில் பூத்து, அக்டோபர் பனிக்குள் காய்க்க வேண்டும். விசாக் கணக்குப்படி அம்மா அதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். அவளும் அவரையும் என் பேச்சைக் கேட்கிற ரகம் இல்லை. டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லி இன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
உன் தம்பி

பி.கு.: அத்தான் அடுத்த மாதம் டல்லாஸுக்கு மருமகனைப் பார்க்க வரும்போது அம்பை கொல்லப்பட்டறையில் அடித்த பன்னருவா ஒன்று கொண்டு வரவேண்டுமாம், அம்மா உத்தரவு. கட்டாயம் செக்-இன் பெட்டிக்குள் துணி சுற்றி வைக்கச் சொல். கைப்பையில் வைத்துப் பிடிபட்டால் ஜாமீனில் எடுக்க என்னிடம் பணமில்லை, எல்லாவற்றையும் கத்தரிக்காயில் போட்டாயிற்று.