ஐந்து தொப்பிகளும் ஒரு வல்லரசும்

சோவியத் யூனியன் 1952இல்தான் முதன்முதலாக ஒலிம்பிக் பக்கம் எட்டிப் பார்த்தது. அதுவரை ஒலிம்பிக் என்பது முதலாளிகளின் பொழுதுபோக்கு. ஹெல்சிங்கிக்கு வந்தவர்கள், மற்ற நாட்டு வீரர்களோடு ஒரே இடத்தில் தங்க மாட்டோம் என்று ஓட்டானியெமியில் தனி ஜாகை போட்டுக்கொண்டார்கள். பக்கத்து அறை அமெரிக்கன் தும்மினால் சித்தாந்தத்துக்கு ஜலதோஷம் பிடித்துவிடும் என்ற பயமாக இருக்கலாம்.

ஜூலை 20ஆம் தேதி அந்த மாபெரும் தேசத்துக்கு முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது. வாங்கித் தந்தவர் நீனா ரொமாஷ்கோவா, வயது 23. ஒரு கிலோ வட்டைக் கையில் ஏந்தி, இரண்டரை மீட்டர் வளையத்துக்குள் சுழன்று, 51.42 மீட்டருக்கு வீசினார். வெள்ளியும் வெண்கலமும்கூட சோவியத் பெண்களுக்கே. வெண்கலத்தோடு நின்ற ஜார்ஜியாக்காரர் நீனா தும்பாட்ஸேதான் அன்றைய உலகச் சாதனையாளர். அடுத்த மாதமே நம் நீனா 53.61 மீட்டர் எறிந்து அந்தச் சாதனையையும் பிடுங்கிக்கொண்டார். தும்பாட்ஸே சும்மா இருப்பாரா? அக்டோபரில் 57.04! ஒரே வீச்சில் மூன்றரை மீட்டர் கூடுதல். கோபத்துக்கு அவ்வளவு தூரம் உண்டு. அந்தச் சாதனையை 1960 வரை யாராலும் தொட முடியவில்லை.

நீனா அக்கா கல்யாணம் செய்துகொண்டு பொனமர்யோவா ஆனார். 1954இல் பெர்ன் நகரில் ஐரோப்பியப் பட்டம் வென்றார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, லண்டனுக்கு விமானம் ஏறும்வரை.

1956 ஆகஸ்ட். பிரிட்டனுடன் ஒயிட் சிட்டி அரங்கில் தடகளப் போட்டி. காலம் சரியில்லாத காலம். ஏப்ரலில் குருஷ்சேவும் புல்கானினும் இங்கிலாந்துக்கு விருந்தாளிகளாக வந்தபோது, அவர்களுடைய கப்பலின் அடிவயிற்றை வேவு பார்க்கப் போன கிராப் என்ற முக்குளிப்பு வீரர் உயிரோடு திரும்பவில்லை. ஜூலையில் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி, பிரதமர் ஈடனின் தூக்கத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். யாராவது ஒரு தீக்குச்சியைக் கிழித்தால் போதும் என்ற நிலை. நீனா அக்கா ஆகஸ்ட் 29ஆம் தேதி ஆக்ஸ்ஃபர்டு தெருவில் ஷாப்பிங் போனார்.

கடையின் பெயர் ஸி அண்ட் ஏ. சீமாட்டிகள் போகும் இடமல்ல, சிக்கனக்காரர்கள் போகும் இடம். அங்கே ஐந்து தொப்பிகளைக் காசு கொடுக்காமல் எடுத்தார் என்று பிடித்துவிட்டார்கள். ஐந்தும் சேர்த்து விலை 1 பவுண்டு, 12 ஷில்லிங், 11 பென்ஸ். அன்றைய மாற்று விகிதத்தில் நம் பணத்துக்கு ஏறக்குறைய 22 ரூபாய். காசு கொடுத்தேன், ரசீதுதான் இல்லை என்பது நீனா அக்காவின் வாதம். கடைக்காரர்கள் கேட்கவில்லை. போலீஸ் வழக்குப் போட்டது, மறுநாள் மார்ல்பரோ தெரு நீதிமன்றத்துக்கு வரச் சொன்னது.

மறுநாள் நீதிமன்றம் வந்தது, நீதிபதி வந்தார், நிருபர்கள் வந்தார்கள். நீனா வரவில்லை. பிடிவாரண்டு பிறந்தது. அக்கா சோவியத் தூதரகத்துக்குள் போய்விட்டார். ஸ்காட்லாந்து யார்டு தூதரகத்துக்குள் நுழைய முடியாது, அவர் வெளியே வர முடியாது. இது வேண்டுமென்றே செய்த சதி என்று மாஸ்கோ சீறியது. தடகளப் போட்டி ரத்து. மொத்தக் குழுவும் மூட்டை கட்டியது. டிக்கெட் வாங்கிய லண்டன்வாசிகள் வாயைப் பிளந்து நின்றார்கள்.

அடுத்து மாட்டிக்கொண்டது பாலே. போல்ஷோய் நடனக் குழு அக்டோபரில் கோவென்ட் கார்டனுக்கு முதன்முதலாக வருவதாக இருந்தது. எங்கள் பெண்களும் கடைத்தெருவுக்குப் போவார்கள், அவர்களையும் பிடித்து உள்ளே வைத்தால் என்ன செய்வது என்ற கவலை மாஸ்கோவில் கிளம்பியது. நிகழ்ச்சியே நடக்காதோ என்று ரசிகர்கள் கைபிசைந்தார்கள். 22 ரூபாய்த் தொப்பிகளுக்காக, போல்ஷோயின் உலனோவா ஆடும் ஜூலியட்டை இழப்பதா? நல்லவேளை, கலை வென்றது. அக்டோபர் 3ஆம் தேதி திரை உயர்ந்தது, உலனோவா ஆடினார், லண்டன் சொக்கிப்போனது. ஜூலியட் மேடையில் இறந்துகொண்டிருந்த அந்த இரவிலும் நம் அக்கா தூதரகத்தில்தான் இருந்தார். அவருக்கு ஓசி டிக்கெட்டுகூட இல்லை.

தொப்பி எடுத்த நாளிலிருந்து 44ஆம் நாள், அக்டோபர் 12, நீதிமன்றத்துக்கு வந்தார். குற்றம் நிரூபணமானது என்றார் நீதிபதி. ஆனால் தண்டனை எதுவும் கிடையாது, வழக்குச் செலவுக்கு மூன்று கினி மட்டும் கட்டிவிட்டுப் போகலாம் என்றார். மூன்று கினி என்றால் நம் கணக்கில் 42 ரூபாய். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதை ஆகஸ்ட் 30 அன்றே சொல்லியிருந்தால் ஒரு தடகளப் போட்டியாவது பிழைத்திருக்கும். ஆனால் வல்லரசுகளுக்குச் சின்ன விஷயத்தைச் சின்னதாக முடிக்கத் தெரியாது. அதற்கு ஊர்ப் பஞ்சாயத்து வேண்டும்.

அன்றே அவரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். கப்பலின் பெயர் வியாசெஸ்லாவ் மோலட்டோவ். அந்தப் பெயருக்குரியவரின் வெளியுறவு அமைச்சர் பதவி ஜூனிலேயே பறிபோயிருந்தது. கப்பலின் பெயரை அழிக்க மாஸ்கோவுக்கு அதுவரை நேரம் கிடைக்கவில்லை.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி. ஆறே வாரத்தில் மெல்போர்ன் ஒலிம்பிக். ஒன்றரை மாதம் தூதரகத்தில் அடைபட்டுக் கிடந்தவர், மாஸ்கோ போய், அங்கிருந்து பூமியின் அடுத்த கோடிக்கு வந்து, வட்டைக் கையில் எடுத்தார். 52.02 மீட்டர், வெண்கலம். அதாவது, ஹெல்சிங்கியில் தங்கம் வாங்கிய எறிதலைவிட அதிகம்! தங்கத்தை 53.69 மீட்டரில் தட்டிச் சென்றவர் செக்கோஸ்லோவாக்கியாவின் ஓல்கா ஃபிகட்டோவா. அவர் அதே மெல்போர்னில் அமெரிக்கச் சம்மட்டி எறியும் வீரர் ஹரால்டு கானலியைக் காதலித்து, மறு ஆண்டு பிராக்கில் கைப்பிடித்து, இரண்டு அரசாங்கங்களுக்கு வேறொரு தலைவலியைக் கொடுத்தது தனிப் புராணம். அந்தக் காலத்தில் வட்டு எறியும் பெண்களைச் சமாளிக்கவே இரு தரப்புக்கும் தனி அமைச்சகம் தேவைப்பட்டிருக்கும்.

1960, ரோம். நீனாவுக்கு 31 வயது. அதே அணியில் தமாரா பிரெஸ் என்ற இளம்புயல், குண்டு எறிதலில் அப்போதுதான் தங்கம் வாங்கிய தெம்போடு. அக்கா 55.10 மீட்டர் எறிந்தார், ஒலிம்பிக் சாதனை. பிரெஸ் இரண்டரை மீட்டர் பின்னால். எட்டு வருட இடைவெளியில் இரண்டாவது தங்கம். 1964 டோக்கியோவிலும் வந்து நின்றார், 11ஆம் இடம். பிறகு பயிற்சியாளராகி, 2016 ஆகஸ்டில் 87 வயதில் காலமானார்.

லண்டனில் அவர் எடுத்ததாகச் சொன்ன தொப்பிகளைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. அவற்றை விற்ற நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் கடையை மூடிவிட்டுப் போய்விட்டது. விசாரணை நடந்த நீதிமன்றம் இப்போது ஹோட்டல். ஆகவே வினாடி வினாவில் யாராவது சோவியத் நாட்டின் முதல் ஒலிம்பிக் தங்கம் யாருடையது என்று கேட்டால், நீனா பொனமர்யோவா என்று சொல்லி மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். தொப்பியைப் பற்றிக் கேட்டால் மட்டும், ரசீது கிடைத்ததும் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.