பல்லைக் காட்டு கண்ணு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் முதல் கேள்வி, "எந்த சேனலு?" சேனல் இல்லை என்றால், "ரேஷன் கார்டுக்கா?" அதுவும் இல்லை, பசங்க விளையாடுறதைச் சும்மா படம் எடுக்க வந்தேன் என்று சொன்னால் மரியாதை இறங்கிச் சந்தேகம் ஏறும். சந்தேகத்தில் நியாயம் உண்டு. 2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய புரளியை நம்பி, பக்கத்துப் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். அதனால் நான் லென்ஸ் மூடியைத் திறக்கும் முன் டீக்கடையில் உட்கார்ந்துவிடுவேன். "நம்மாளுதான்" என்று டீக்கடைக்காரர் சொன்னால் போதும். அடையாள அட்டையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்த கண்டம் அம்மாக்கள். மூக்கில் சளியும் முகமெல்லாம் சிரிப்புமாக ஒரு பொடியன் புழுதியில் டயர் உருட்டிக்கொண்டு வருவான். கேமரா கண்ணுக்கு வருவதற்குள், "ஐயய்யோ, இரு தம்பி!" என்று குரல் வரும். பையன் வீட்டுக்குள் இழுக்கப்படுவான். திரும்பி வரும்போது தலையில் எண்ணெய் வழியும், முகத்தில் பவுடர் அப்பியிருக்கும், மேலே தீபாவளிச் சட்டை ஏறியிருக்கும். டயர் மட்டும் இருக்காது. "சிரிடா" என்பார் அம்மா. "பல்லைக் காட்டு கண்ணு" என்பார் பாட்டி. பல் டாக்டரிடம் காட்டுவதுபோல அவனும் காட்டுவான்.

பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. படம் என்றாலே ஸ்டூடியோ, ஸ்டூடியோ என்றாலே "ஆடாதே, அசையாதே" என்று வளர்ந்தவர்கள் நாம். வகுப்பு குரூப் போட்டோவில் கையைக் கட்டி நின்றோம். ஆதாரில் எப்படி இருக்கிறோம் என்பதை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

இதையெல்லாம் தாண்டி ஒரு கிளிக் விழுந்ததும் கேமராவுக்கு முன்னால் ஆள் இருக்காது. அத்தனை பேரும் என் முதுகில் தொங்கிக்கொண்டு, "காட்டுண்ணா, காட்டுண்ணா!" மைசூர்க்காரர் டி.எஸ். சத்யன் இந்தியக் குழந்தைகளை எடுத்த படங்களை, 1979இல், சர்வதேசக் குழந்தைகள் ஆண்டில், நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் காட்சிக்கு வைத்தது யுனிசெஃப். மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அவருடைய ஃபிலிம் கேமராவின் முதுகில் எட்டிப் பார்க்கத் திரை கிடையாது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி, போரடிப்பது. குந்தி உட்கார்ந்து, எடுத்ததையெல்லாம் காட்டி, பட்டனைத் தொடவிட்டு, கேமரா என்ன விலை என்று சொல்லி, அது பொய் என்று அவர்கள் தீர்ப்புச் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, முழங்கால் மரத்துப்போகும்வரை அங்கேயே கிடக்க வேண்டும். "அண்ணா" என்று ஆரம்பித்தவர்கள் "அங்கிள்" என்று மாற்றும் நேரம் வரும். அப்போது நம்மைக் கைகழுவிவிட்டுக் கோலிக்குத் திரும்புவார்கள். படம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளில் மட்டும் இந்த வித்தை பாதிதான் பலிக்கும். ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பச்சைக்கல் வரிசைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல்லுக்குத் தாவும் சிறுமியின் முகத்தை எந்த ஸ்டூடியோவிலும் வரவழைக்க முடியாது. அதே சிறுமி, தாவி முடித்த கையோடு, கல்லைப் புரட்டிக் காயப்போட உட்கார்ந்துவிடுவாள். அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் 1908 முதல் ஆலைகளில் வேலை செய்த குழந்தைகளைப் படமெடுத்தார். பைபிள் வியாபாரி என்றும் இன்ஸ்பெக்டர் என்றும் வேஷம் போட்டு உள்ளே போவாராம். தன் சட்டைப் பொத்தான்களை அளவாக வைத்துக் குழந்தைகளின் உயரத்தைக் குறித்துக்கொள்வாராம். அந்தப் படங்களிலும் சிரிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சூளையில் தாவும் படத்தை மட்டும் காட்டினால் முதலாளி ஃப்ரேம் போட்டு மாட்டுவார். தாவுவது, கல் புரட்டுவது ரெண்டையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

இன்னும் நல்ல வழி புகைப்படக்காரர் பழனி குமாருடையது. மீன் விற்கும் தாயின் மகன். 2017இல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். அவர் கேமராவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துக் கற்றுக்கொடுக்கிறார். இதில் ஆபத்து பெரியவர்களுக்குத்தான். கீழிருந்து எடுப்பதால் நம் மூக்குத் துவாரம் தவறாமல் விழும்.

வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பிள்ளையை யாராவது படம் எடுக்க வந்தால், தலை வாரிவிடாதீர்கள், சிரிக்கச் சொல்லாதீர்கள். உள்ளே போய்க் காபி போடுங்கள். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக.