சிங்கப்பூருக்கு நான்கு மணி, சிதம்பரத்துக்கு ஆறு மணி

எண்பதுகளின் தொடக்கம்வரை எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிங்கப்பூரின் வாசல் நாகப்பட்டினம்தான். சிதம்பரத்தில் மீட்டர் கேஜ் ரயிலேறி மாயவரம், திருவாரூர் வழியாக நாகைக்குப் போவார்கள். அங்கே கரையிலிருந்து படகில் போய், கடலுக்குள் நங்கூரமிட்டு நிற்கும் எம்.வி. சிதம்பரம் கப்பலில் ஏற வேண்டும். பினாங்கு, கிள்ளான் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு கப்பல் இருந்ததில் பிள்ளைகளான எங்களுக்கு அப்படியொரு பெருமை.

சித்தப்பா அதில்தான் போனார். டிரங்குப் பெட்டியில் ஊறுகாயும் பரங்கிப்பேட்டைக் கருவாடும். வழியனுப்பப் பாதித் தெருவே ஸ்டேஷனுக்கு வந்தது. பிறகு ஆயா இறந்தபோது தந்திதான் கொடுத்தோம். அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, காத்திருக்கவும் இல்லை. 1985 பிப்ரவரியில் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் இறந்தார்கள். அதோடு அந்த வழியே மூடிவிட்டது.

இப்போது சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் நான்கு மணி நேரம்தான். ஊர் திரும்பியிருந்த சித்தப்பா காலமான அன்று அவர் மகள் கிடைத்த விமானத்தைப் பிடித்து மீனம்பாக்கத்தில் இறங்கிவிட்டாள். அங்கிருந்து சிதம்பரம் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். செங்கல்பட்டு, திண்டிவனம், புதுச்சேரி என்று ஒவ்வோர் இடத்திலும் வண்டி நின்று நின்று வந்தது. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அவள் கடலூரைத் தாண்டும்போது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. சாலையில் மிச்சமிருந்தது நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. காத்திருக்கத் தேவையில்லாத காலத்தைவிட, காத்திருந்தும் பார்க்க முடியாமல் போன இந்த நாள்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இத்தனைக்கும் பக்கத்திலேயே இரண்டு ஓடுதளங்கள் இருக்கின்றன. ஒன்று புதுச்சேரி லாஸ்பேட்டை, கடலூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். இன்னொன்று எங்கள் மாவட்டத்திலேயே, நெய்வேலியில். சிதம்பரத்திலிருந்து அது ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். இரண்டுக்கும் இடையே சாலையில் ஒன்றரை மணி நேரம். 2017-ல், சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தின் முதல் சுற்றிலேயே நெய்வேலி, புதுச்சேரி, சேலம் மூன்றின் பெயரும் வந்தன. சேலத்தில் அடுத்த ஆண்டே விமானம் இறங்கியது. நெய்வேலியில் பல வருடங்கள் கடந்தும் சேவை தொடங்கவில்லை.

லாஸ்பேட்டை ஓடுதளத்தின் நீளம் 1,500 மீட்டர். பெரிய ஜெட் விமானங்களுக்கு அது போதாது, காற்றாடி பொருத்திய ஏ.டி.ஆர். ரகத்துக்குத்தான் சரிப்படும். 2013-ல் பெங்களூரு விமானம் வந்தது, அடுத்த ஆண்டே நின்றது. 2017-ல் ஐதராபாத்திலிருந்து வந்தது, அதுவும் நின்றது. 2024 டிசம்பரில் இண்டிகோ அந்த இரண்டு ஊர்களுக்கும் சேவை தொடங்கியது. இப்படி விட்டுவிட்டு வந்தால் எந்தக் குடும்பம் அதை நம்பி டிக்கெட் போடும்?

கடலூருக்கு ஒன்று, சிதம்பரத்துக்கு ஒன்று என்று புது விமான நிலையம் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. அத்தனை விளைநிலத்தை இழக்க நம் மாவட்டத்தால் முடியாது. இருக்கிற நெய்வேலியைத் திறக்கட்டும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: லாஸ்பேட்டையில் விமானம் இறங்கும் நேரத்துக்கு ஒரு அரசுப் பேருந்து, கடலூர், பரங்கிப்பேட்டை முட்லூர் வழியாகச் சிதம்பரம் வரைக்கும். அதற்கு ஓடுதளத்தை நீட்ட வேண்டியதில்லை, நிலம் எடுக்க வேண்டியதில்லை.